குட்டீஸ்க்கு ஃபிளாக் ஃபுட்பால் டிஃபென்ஸ்: மொத நாள்ல இருந்து எப்படி சொல்லிக் குடுக்கறது

எங்க ஊர்ப்பக்கம் ஃபுட்பால்னா காலுல உதைக்கற பந்துதான், அதுல மாத்துப் பேச்சே கெடையாது. பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் இந்தப் பக்கமெல்லாம் பாதி வீட்டுல தமிழ், பாதி வீட்டுல மலையாளம், ஆனா செவன்ஸ், அதான் ஏழு ஏழு பேரா ஆடற ஃபுட்பால், மேட்ச்னு வந்துட்டா எல்லா வீடும் ஒரே வீடு. அப்படிப்பட்ட எடத்துல நான் ரெண்டு பக்கமும் கூரா இருக்கற ஒரு பந்தை எடுத்துட்டுப் போயி, "இதுவும் ஃபுட்பால்தான், ஆனா உதைக்கறதே இல்ல"ன்னு சொன்னேன். ஒருத்தன் கேட்டான், "மாஷே, அப்பறம் எதுக்கு அதுக்கு அந்தப் பேரு?" எனக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் தெரியல.

நான் பி.டி. வாத்தியார் எல்லாம் இல்லீங்க, டூவீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடை. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மட்டும் 8ல இருந்து 13 வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சொல்லித் தர்றேன், பசங்க வெச்ச பேருதான் மாஷ், மலையாளத்துல வாத்தியார். பந்து வீசறதுக்கும் புடிக்கறதுக்கும் வீடியோ கொட்டிக் கெடக்குது, எல்லா குழந்தையும் அதைத்தான் செய்யணும்னு நிக்குது. டிஃபென்ஸை எவனும் சொல்லித் தர்றதில்ல, அதனால மொத மூணு மேட்ச்ல நாங்க வாங்குன அடி கொஞ்ச நஞ்சமில்ல. புதுசா ஆரம்பிக்கறவங்க அதே அடியை வாங்க வேண்டாமேன்னுதான் இதை எழுதறேன்.

ஆட்டம் என்னன்னு சுருக்கமா

ஒரு பக்கம் 5 பேர். எல்லார் இடுப்புலயும் ஒரு பெல்ட், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துணிக் கொடி தொங்கும். பந்து வெச்சிருக்கறவனோட கொடியை உருவிட்டா ஆட்டம் அங்கயே நின்னுரும். தள்ளக்கூடாது, மறிக்கக்கூடாது, கட்டிப் புடிக்கக்கூடாது, பந்தைத் தட்டிப் பறிக்கவும் கூடாது. பந்து கீழ விழுந்துட்டாலும் செத்த பந்துதான், மேல விழுந்து அள்ள வேண்டியதில்ல. இதுதான் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல வரப்போற ஆட்டம், அந்த முடிவை 2023 அக்டோபர்ல நம்ம மும்பையில நடந்த கூட்டத்துலதான் எடுத்தாங்க, இதைச் சொன்னா பசங்க கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க.

சர்வதேச ரூல்ல மைதானம் 25 யார்டு அகலம், 50 யார்டு நீளம், ரெண்டு கடைசியிலயும் 10 யார்டு எண்ட்ஸோன், அதாவது பந்தோட போயி பாயிண்ட் எடுக்கற எடம். யார்டுன்னா பயப்பட வேண்டாம், கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு, நம்ம பசங்களுக்கு அந்தத் தூரம் தூக்கத்துலயே தெரியும். அகலம் ஒரு பிட்ச்சும் மூணு எட்டு நடையும், அவ்வளவுதான். சின்னப் பசங்களுக்கு இன்னும் சுருக்கிக்கலாம், நாங்க சுருக்கித்தான் ஆடறோம்.

டிஃபென்ஸ் ஆடறவனுக்கு மண்டையில ஏத்த வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு, இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. எதிர் டீம் தன் பக்கத்து எண்ட்ஸோனுக்கு 5 யார்டு முன்னாடி இருக்கற கோட்டுல இருந்து ஆரம்பிக்கும், நடுக்கோடு 25ல இருக்கு. அந்த 20 யார்டைக் கடக்க அவங்களுக்கு 4 சான்ஸ். கடந்துட்டா நம்ம பக்கத்து எண்ட்ஸோன் போக இன்னொரு 4 சான்ஸ், போயிட்டா 6 பாயிண்ட். அப்போ நடுக்கோடு வரைக்கும் ஒரு சான்ஸுக்கு சராசரி 5 யார்டு. எங்க பசங்க என்ன பண்ணுவாங்கன்னா, எவனாச்சும் நாலு யார்டு ஓடிட்டா தலையில கைய வெச்சுட்டு நிப்பாங்க, ஒருத்தனை ஒருத்தன் திட்டுவாங்க. நாலு யார்டு விட்டது தோல்வி இல்ல கண்ணு, நாலு தடவையும் நாலு நாலு விட்டா கூட மொத்தம் 16தான், பந்து நமக்கு வந்துரும். இந்தக் கணக்கை செவுத்துல கரியில எழுதி வெச்சதுக்கப்பறம்தான் எங்க டீம்ல அழுகை நின்னுச்சு.

கிரவுண்டுக்குப் போறதுக்கு முன்னாடி

ரெடிமேட் பெல்ட் ஆன்லைன்ல கெடைக்குது. மொத மாசம் அதுக்கு காசு போட வேண்டாம்னு நெனச்சீங்கன்னா, தையக்காரர்கிட்ட 2 இன்ச் அகலம், ஒண்ணேகால் அடி நீளத்துல பளிச்சுன்னு ஒரு கலர் துணியை வெட்டி, மேல் நுனியில வெல்க்ரோ வெச்சுத் தரச் சொல்லுங்க, பழைய ஸ்கூல் பெல்ட்டுல வெல்க்ரோவோட இன்னொரு பாதியைத் தைச்சா முடிஞ்சுது. டவுசர் கலரும் கொடி கலரும் ஒண்ணா இருக்கக்கூடாது. டவுசர்ல பாக்கெட் இருக்கக்கூடாது, இருந்தா தைச்சு மூடிருங்க, கொடிக்குப் போற விரல் பாக்கெட்டுல மாட்டுனா நகமே பேந்துரும். சட்டையை உள்ள சொருகணும், நகம் வெட்டணும், மோதிரம், வளையல், கொலுசு கழட்டணும்.

இன்னொண்ணு, இது எந்த இங்கிலீஷ் வீடியோலயும் சொல்ல மாட்டாங்க. நம்ம பசங்க பாதிப் பேருக்கு இடுப்புல அரைஞாண் கயிறு இருக்கும். ஒரு நாள் ஒரு பொண்ணு வேகமா வந்து கொடின்னு நெனச்சு இழுத்தது ஒரு பையனோட அரைஞாண். கயிறு அறுந்துச்சு, அவன் இடுப்புல சிவப்பா ஒரு கோடு, அவங்க அம்மாயி மறுநாள் கடைக்கே வந்து "சாமிக்குக் கட்டுன கயிறுங்க அது"ன்னு அரை மணி நேரம். அதுல இருந்து அரைஞாண் சட்டைக்கு உள்ள, சட்டை டவுசருக்கு உள்ள, பெல்ட் எல்லாத்துக்கும் மேல.

வெயில்: மார்ச், ஏப்ரல்ல பாலக்காடு 40 டிகிரியை எட்டிப் பாக்கற ஊர், அஞ்சு மணிக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க. தண்ணி, உப்புப் போட்ட மோரு. அவ்வளவுதான் இதுல சொல்ல.

படி 1: பந்தை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க

மொத வாரம் பந்து வேண்டாம். பந்து வந்துட்டா எல்லாக் கண்ணும் பந்து மேல போயிரும். அதுக்கு பதிலா வால் உருவற ஆட்டம். பத்துக்குப் பத்து எட்டுல ஒரு கட்டம் போடுங்க, எல்லார் இடுப்புலயும் கொடி, எல்லாரும் உள்ள. யாரு யாரோட கொடியை வேணும்னாலும் உருவலாம், தன்னோட கொடியை கையால மூடக்கூடாது. கொடி போனவங்க வெளிய வந்து அஞ்சு தோப்புக்கரணம் போட்டுட்டு மறுபடி உள்ள போகலாம். வெளிய உக்கார வைக்காதீங்க, நல்லா ஆடறவன் ஆடிட்டே இருப்பான், கத்துக்க வேண்டியவன் உக்காந்துட்டே இருப்பான்.

"உருவு"ன்னு நான் சொல்றதுக்கும் காரணம் இருக்கு. மொத நாள் "புடுங்கு, புடுங்கு"ன்னு கத்துனேன், தமிழ் தெரிஞ்ச பசங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, மலையாளத்துப் பசங்க ஒண்ணும் புரியாம அவங்களைப் பாத்து சிரிச்சாங்க. அன்னிக்கு வேற ஒண்ணும் நடக்கல.

படி 2: ஓடி வந்து நிக்கத் தெரியணும்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன்னு சொன்னீங்கன்னா இதைப் படிங்க.

புதுப் பசங்க கொடியைத் தவற விடறது கையினால இல்லீங்க. ஓடி வர்ற வேகத்துல நிக்க முடியாம, பந்து வெச்சிருக்கறவன் சும்மா ஒரு எட்டு பக்கவாட்டுல வெச்சா போதும், இவன் நேரா போயி தென்னை மரத்துல முட்டுவான். கை நீளமா இருக்கறவன், வேகமா ஓடறவன் எல்லாம் இப்படித்தான் ஏமாறுவான், வேகம் ஜாஸ்தின்னா ஏமாறறதும் ஜாஸ்தி.

நான் என்ன சொல்லிக் குடுக்கறேன்னா, கோழி. சாயங்காலம் நாட்டுக்கோழியைப் புடிச்சு கூடையில கவுத்தற வேலை எங்க ஊர்ல குழந்தைங்களுக்குத்தான். நீங்க தடதடன்னு ஓடிப் பாஞ்சா கோழி சிக்குமா? சிக்காது. தூரத்துல இருக்கும்போது வேகமா போவீங்க, பக்கத்துல வந்ததும் கொஞ்சம் குனிஞ்சு, ரெண்டு கையையும் விரிச்சு, சின்னச் சின்ன எட்டா வெச்சு, அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்து அப்பறம் கைய வெப்பீங்க. அதேதான் இது.

செஞ்சு காட்டும்போது பந்து வெச்சிருக்கறவனுக்கு மூணு எட்டு முன்னாடி ஒரு செருப்பைப் போடுங்க. செருப்பு வரைக்கும் முழு ஓட்டம். செருப்பைத் தாண்டுனதும் டப-டப-டபன்னு குட்டி எட்டு, முட்டி மடங்கி, இடுப்பு எறங்கி, பாதத்தோட முன்பக்கத்துல வெயிட், கை ரெண்டும் இடுப்புக்கு நேரா வெளிய. குதிகால் தரையில அப்படியே பதிஞ்சிருந்தா அவனைத் தள்ளிப் பாருங்க, பின்னாடி சாய்வான். பசங்க வாயாலயே "டப டப டப"ன்னு சொல்லிட்டே செய்யட்டும், வெக்கப்படறவனுக்குக் கால் சரியா வராது, கத்தறவனுக்கு வந்துரும், ஏன்னு கேக்காதீங்க, நான் பாத்தது அப்படி.

கண்ணு எங்க இருக்கணும்? இடுப்புல. மூஞ்சியைப் பாத்தா ஏமாத்துவான், தோளைப் பாத்தா ஏமாத்துவான், காலை ஆட்டி ஏமாத்துவான், கையில பந்தைக் காட்டி ஏமாத்துவான். தொப்புளை மட்டும் ஒரு பக்கம் அனுப்பிட்டு மத்ததை இன்னொரு பக்கம் அனுப்ப எந்த மனுஷனாலயும் முடியாது. இதைச் சொன்னதும் ஒரு வாண்டு தொப்புளை மட்டும் ஆட்டிக் காட்ட முயற்சி பண்ணுச்சு, விடுங்க.

மெக்சிகோ பெண்கள் டீமோட குவார்ட்டர்பேக், அதான் பந்தை வீசறவங்க, டயானா ஃப்ளோரஸ் ஆடற வீடியோவை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. 2022 வேர்ல்டு கேம்ஸ் ஃபைனல்ல அமெரிக்காவையே தோக்கடிச்ச டீம் அது. பசங்க அவங்களைத்தான் பாப்பாங்க, நீங்க எதிர்ல இருக்கற டிஃபெண்டரைப் பாக்கச் சொல்லுங்க. பாஞ்சவங்க எல்லாம் காத்தைப் புடிச்சுட்டு நிப்பாங்க.

படி 3: இப்போ கை

நின்னாச்சு, இடுப்பைப் பாத்தாச்சு. உங்களுக்குப் பக்கத்துல இருக்கற கொடிக்குப் போங்க, அந்தப் பக்கத்துக் கொடிக்கு கைய சுத்தி வளைச்சுப் போனா கட்டிப் புடிக்கற மாதிரி ஆயிரும், ரெஃப்ரி விசில் அடிச்சுருவார். கொடியோட நுனியைப் புடிக்காதீங்க, அது ஆடிட்டே இருக்கும், பெல்ட்டுல ஒட்டியிருக்கற மேல்பக்கத்துல புடிச்சு கீழயும் வெளியவும் சேத்து ஒரே இழுப்பு. ரெண்டு கையும் போனா இன்னும் நல்லது, ஒண்ணு தப்புனாலும் இன்னொண்ணு சிக்கும். இழுக்கும்போது காலு நிக்கக்கூடாது, அவனோடயே ரெண்டு எட்டு ஓடிட்டே இழுக்கணும். காலை நிறுத்திட்டு கைய மட்டும் நீட்டறவன் விரல்ல நூல் மட்டும் மிஞ்சும்.

அவன் சுத்துனா? பசங்க இங்கதான் பதறுவாங்க. அவன் பம்பரம் மாதிரி ஒரு சுத்து சுத்துனா இந்தப் பக்கத்துக் கொடி போயிரும், ஆனா அந்தப் பக்கத்துக் கொடி உங்க கைக்கே வரும். எடத்தை விட்டு நகராம அரை செகண்ட் பொறுத்தா போதும்.

அவன் கையாலயோ பந்தாலயோ கொடியை மூடுனா அது அவனோட ஃபவுல். அதுக்காக நம்ம ஆளு ஆட்டத்தை நிறுத்திட்டு ரெஃப்ரியைப் பாத்து "சார்... சார்..."னு நிக்கக்கூடாது, விசில் வர்ற வரைக்கும் கொடிக்குப் போயிட்டே இருக்கணும்.

உருவுன கொடியைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுங்க, அந்த எடத்துலயே நில்லுங்க, ரெஃப்ரி பாத்ததும் அவன் கையில திருப்பிக் குடுங்க. தூக்கி எறியறது, கொடியை வெச்சு ஆட்டிக் காட்டறது, இதெல்லாம் எங்க கிரவுண்டுல ஒரு ரவுண்டு ஓட்டம்.

எந்த ஆட்டத்துல இருந்து வந்தானோ அந்தப் பழக்கம்

கபடி ஆடிட்டு வர்றவன் கண்ணு சூப்பரா இருக்கும், இடுப்பைப் பாக்கறது, கூட்டமா மடக்கறது எல்லாம் ஏற்கனவே தெரியும். ஆனா கைய வெச்சதும் கட்டிப் புடிச்சுருவான், கணுக்காலுக்கு விழுவான். அவனுக்கு ஒரு வாரம் ரெண்டு உள்ளங்கையிலயும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைக் குடுத்து ஆட விடுங்க, கொடியை உருவ வேண்டாம், பக்கத்துல போயி பந்தால கொடியைத் தொட்டா போதும். புடிக்கறதுக்கு கை இருக்காது, காலைத்தான் நம்பணும்.

செவன்ஸ் பாத்து வளந்தவன் சறுக்கி விழுவான், பந்துக்குக் காலை விடுவான். அதுல ஒரு நல்லதும் இருக்கு, ஆளை ஓரமா ஒதுக்கறது அவனுக்கு ரத்தத்துலயே இருக்கு, படி 4ல அவன்தான் லீடர்.

கிரிக்கெட் பசங்க பந்தையே பாத்துட்டு நிப்பாங்க, ஆளு பக்கத்துல ஓடிப் போறது தெரியாது. மேல வந்த பந்தைப் புடிக்கறதுல மட்டும் கில்லி.

எந்த ஆட்டமும் ஆடாம வர்றவங்கதான் சீக்கிரம் கத்துக்கறாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம். எங்க டீம்ல கொடி உருவறதுல நம்பர் ஒன் என் அக்கா பொண்ணு, பத்து வயசு, அதுக்கு முன்னாடி நொண்டி தவிர ஒண்ணும் ஆடுனதில்ல. அவ பாயவே மாட்டா. "எதுக்கு மாமா விழணும், அவனே வருவானில்ல"ன்னா.

படி 4: எந்தப் பக்கமா போயி மடக்கறது

ஓடறவன் இருக்கற எடத்துக்கு ஓடுனா நீங்க போகும்போது அவன் அங்க இருக்க மாட்டான். அவன் போய்ச் சேரப்போற எடத்துக்கு ஓடணும், ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸோட வேகத்தை கணக்குப் போடுவீங்கல்ல, அதே கணக்குதான்.

ரெண்டாவது, உள்பக்கமா போங்க. அதாவது மைதானத்தோட நடுப்பக்கம் நீங்க, ஓரக்கோட்டுப் பக்கம் அவன். அப்போ அவனுக்கு ஒரே வழிதான், கோட்டைத் தாண்டுனா அவுட். எங்க கிரவுண்டுல ஒரு ஓரம் வரப்பு, அதைத் தாண்டுனா வாய்க்கா, அதனால பசங்களுக்கு இது சீக்கிரமே புரிஞ்சுது. ஒரே கொடிக்கு ரெண்டு பேரு போகும்போது ஒருத்தன் உள்பக்கம், ஒருத்தன் முன்பக்கம், ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனா மண்டை மண்டையோட மோதும். மோதியிருக்கு. ரெண்டு பல்லு ஆடுச்சு, பால் பல்லுதான், நல்லவேளை. அன்னிக்கே எல்லாருக்கும் மவுத்கார்டு வாங்கிட்டேன், நீங்க முன்னாடியே வாங்கிருங்க.

பயிற்சி: ஓரக்கோட்டுல இருந்து அஞ்சு எட்டு உள்ள ஒரு செருப்பு வரிசை போட்டு ஒரு சந்து மாதிரி பண்ணுங்க. ஒருத்தன் சந்துல ஓடி வரணும், ஒருத்தன் பத்து எட்டு தள்ளி உள்பக்கத்துல இருந்து வந்து மடக்கணும். ஆளுக்கு ஆறு தடவை, மூணு வலப்பக்கம் மூணு இடப்பக்கம்.

படி 5: ஆளோட ஆளு

5 பேர் ஆட்டத்துல பந்தை வீசறவன் தவிர மீதி 4 பேரும் பந்து புடிக்கலாம். குனிஞ்சு பந்தை பின்னாடி குடுக்கறான் பாருங்க, சென்டர், அவனும் புடிக்கலாம். எங்க மொத மேட்ச்ல ஓரத்துல நின்ன மூணு பேரையும் ஒட்டிட்டே போனோம், சென்டர் பையன் பந்தைக் குடுத்துட்டு ஜாலியா நடந்து போயி தனியா நின்னு புடிச்சு டச்டவுன், அதாவது அந்த 6 பாயிண்ட், போட்டான், அதுவும் ரெண்டு தடவை. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விரலை நீட்டி "இவன் எனக்கு"ன்னு சத்தமாச் சொல்ல வைங்க. சென்டருக்கு ஆள் சொல்லாம ஆட்டத்தை ஆரம்பிக்க விடாதீங்க.

நாலஞ்சு எட்டு தள்ளி நின்னு ஆரம்பிக்கணும், ஒட்டி நின்னா ஒரே ஓட்டத்துல தாண்டிருவான். அவன் வர வர முதுகு காட்டாம பின்பக்கமாவே ஓடணும், அவன் உங்க பக்கத்துல வந்துட்டா அப்போ இடுப்பைத் திருப்பி அவனோடயே ஓடணும். கண்ணு அவன் இடுப்புல, வீசறவன் மேல இல்ல. அவன் கண்ணு விரிஞ்சு கை மேல போச்சுன்னா பந்து வருதுன்னு அர்த்தம், அப்போ திரும்பிப் பாருங்க.

இப்போ முக்கியமான எடம். பந்து வர்றதுக்கு முன்னாடி அவனைத் தொட்டா ஃபவுல், கொடியை முன்னாடியே உருவுனாலும் ஃபவுல். அதனால புதுப் பசங்களுக்கு நான் குடுக்கற ஒரே கட்டளை: பந்து உங்களுக்கு நேரா வந்தா மட்டும் போங்க, ரெண்டு கையாலயும் கீழ தட்டி விடுங்க. சந்தேகம்னா விட்டுருங்க, புடிக்கட்டும், புடிச்ச அந்த நிமிஷமே கொடியை உருவுங்க. பந்துக்குத் தாவித் தப்ப விட்டா பின்னாடி ஆளே இல்ல, அவன் எண்ட்ஸோன் வரைக்கும் நடந்தே போகலாம். நாலு யார்டு குடுத்தா பரவால்லன்னு மேல ஒரு கணக்குப் போட்டோமில்ல, அதுக்குத்தான்.

நம்ம ஆளு பந்தைக் குறுக்க புடிச்சுட்டா நிக்காம எதிர்ப்பக்கம் ஓடணும், இதையும் தனியா சொல்லணும். எங்க பையன் ஒருத்தன் புடிச்ச சந்தோஷத்துல பந்தைக் கட்டிப் புடிச்சுட்டு அங்கயே குதிச்சான், எதிர் டீம் பொண்ணு வந்து பொறுமையா கொடியை உருவிட்டுப் போச்சு.

படி 6: ஏரியாவைப் பாத்துக்கறது

ஆளோட ஆளு ஓட முடியாத அளவுக்கு எதிர் டீம்ல வேகக்காரன் இருந்தா ஏரியா பிரிச்சுக்கலாம். புது டீமுக்கு சுலபமானது: ஒருத்தர் ரஷர், அதான் பந்தை வீசறவனை நோக்கி ஓடறவர், ரெண்டு பேர் முன்னாடி, ரெண்டு பேர் பின்னாடி. முன்னாடி இருக்கறவங்க குட்டை பாஸையும் ஓட்டத்தையும் பாத்துக்கணும். பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒரே ரூல், அவங்களைத் தாண்டி யாரும் பின்னாடி போகக்கூடாது. இதுல மட்டும் கண்ணு வீசறவன் மேல இருக்கலாம்.

ஏரியா ஆட்டத்துல வாய் பேசணும். "ஆளு உன் பக்கம் வருது"ன்னு சொல்லலைன்னா நடுவுல ஒருத்தன் சும்மா நிப்பான். இங்க எங்களுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு, ஒருத்தன் இடதுன்னு கத்தறான், ஒருத்தன் லெஃப்ட்ங்கறான், யாரோட லெஃப்ட்னு இன்னொருத்தன் கேக்கறான், அதுக்குள்ள பந்து போயிருது. இப்போ எங்க கிரவுண்டுல இடது வலது எல்லாம் கெடையாது. ஒரு பக்கம் "தோப்பு", ஒரு பக்கம் "ரோடு". எந்தப் பக்கம் திரும்பி ஆடுனாலும் தோப்பு தோப்புதான், ரோடு ரோடுதான். வெளியூர் போனா மொதல்ல சுத்திப் பாத்து பேர் வைக்கறதுதான் எங்க வார்ம்அப், ஒரு எடத்துல "தண்ணி டேங்க்", "பரோட்டாக் கடை"ன்னு வெச்சு ஆடுனோம்.

நடுக்கோட்டுக்கும் எண்ட்ஸோனுக்கும் முன்னாடி இருக்கற 5 யார்டு, அதுல பந்தை எடுத்துட்டு ஓடக்கூடாது, பாஸ் மட்டும்தான். அங்க வந்துட்டா "பாஸ், பாஸ்"னு கத்தி எல்லாரும் ஆளைப் புடிச்சுக்கோங்க.

படி 7: ரஷர்

பந்தை வீசறவனை நோக்கி ஓடற வேலை. ஆட்டம் ஆரம்பிக்கும்போது பந்து இருக்கற கோட்டுல இருந்து 7 யார்டு தள்ளி நிக்கணும், பிட்ச்ல மூணுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. அவ்வளவு தூரம் தள்ளி நிக்காதவங்க, வீசறவன் வேற ஒருத்தன் கையில பந்தைக் குடுக்கற வரைக்கும் கோட்டைத் தாண்டக்கூடாது.

ரஷர்னா டீம்லயே வேகமானவன்னு எல்லாரும் நெனைப்பாங்க. எனக்கு நேரா ஓடி, நேரா நிக்கத் தெரிஞ்சவன் போதும். அவன் வேலை எல்லா தடவையும் கொடியை உருவறது இல்ல, வீசறவனை அவசரப்படுத்தறது. வீசற கைப் பக்கமா போங்க, அந்தப் பக்கம் தப்பி ஓட விடாதீங்க. அவன் கையத் தூக்குனா நீங்களும் நின்ன எடத்துலயே கையத் தூக்கி நேரா மேல குதிங்க, முன்னாடி பாய வேண்டாம், அவன் கையத் தட்டுனா ஃபவுல். சின்னவங்க ஆட்டத்துல நெறைய எடத்துல 7 செகண்ட்ல பாஸ் போடணும்னு ரூல் வெச்சிருப்பாங்க, அங்க ரஷர் வாய்விட்டு எண்ணிட்டே ஓடுனா வீசறவனுக்கு பாதி உயிர் போயிரும்.

காத்து

இது எங்க ஊருக்கு மட்டும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில 30 கிலோமீட்டருக்கு மேல அகலமா திறந்து கெடக்கற வாசல், ஜூன்ல இருந்து மேற்குக் காத்து அது வழியா பொள்ளாச்சி, கோயமுத்தூர்னு தள்ளிட்டுப் போகும், மார்கழி தையில அதுவே கெழக்க இருந்து திரும்பி அடிக்கும். அந்தக் காத்துல குழந்தை வீசற பந்து எங்க போகும்னு வீசுன குழந்தைக்கே தெரியாது.

டிஃபென்ஸுக்கு இது லாபம்தான். அவங்க காத்துக்கு எதிரா வீசறாங்கன்னா பந்து மேல தொங்கும், சீக்கிரம் விழும், அப்போ பின்னாடி இருக்கற ரெண்டு பேரையும் மூணு எட்டு முன்னாடி கொண்டு வாங்க. காத்தோட வீசறாங்கன்னா பந்து நெனச்சதை விட தூரம் போகும், பின்னாடி தள்ளி நில்லுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுப் பாருங்க, இல்ல தென்னை ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. அதுக்குன்னு மேட்ச் நடுவுல ஓலையைப் பாத்துட்டே நிக்கக்கூடாது, எங்க ஆளு ஒருத்தன் நின்னான்.

மேட்ச் அன்னிக்கு

போன உடனே ரெஃப்ரிகிட்ட நாலு கேள்வி கேளுங்க: எத்தன சான்ஸ், ரஷர் எத்தன யார்டு, வீசறவன் தானா ஓடலாமா, கொடி தானா அவுந்து விழுந்தா என்ன. சின்னவங்க போட்டியில ஆளுக்கொரு ரூல் வெச்சிருப்பாங்க. ஒரு தடவை நாங்க கேக்காம ஆடி, கொடி தானா விழுந்தவனை எல்லாரும் பாத்துட்டு நின்னோம், அந்த எடத்து ரூல்ல அவனை ஒத்தைக் கையால தொடணுமாம், அவன் ஓடிப் போயிட்டான். தப்பு எங்க மேலதான்.

எல்லாக் குழந்தையும் ரஷரா, முன்னாடி, பின்னாடின்னு மாறி மாறி நிக்கட்டும். பத்து வயசுல ஒரே எடத்துல கட்டிப் போட வேண்டாம். கோட்டுக்கு வெளிய நிக்கற அப்பாம்மாவுக்கும் ஒரு வேலை குடுத்துருங்க, இல்லைன்னா "புடி, தள்ளு, விடாதே"ன்னு அவங்க ஒரு கோச்சிங் நடத்துவாங்க, தள்ளுனா ஃபவுல்னு அவங்களுக்குத் தெரியாது. எங்க கிட்ட ஒரு தாத்தா மட்டும் நாங்க எத்தன கொடி உருவுனோம்னு நோட்டுல கோடு போடுவார், மேட்ச் முடிஞ்சதும் பசங்க ஸ்கோர் கேக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்டத்தான் ஓடறாங்க.

கெளம்பும்போது கொடியை எண்ணிப் பாருங்க, கண்டிப்பா ரெண்டு கொறையும். போன வாரம் காணாமப் போன ஒண்ணை வியாழக்கெழமை கண்டுபுடிச்சேன், வாய்க்கா ஓரத்து வீட்டு ஆட்டுக்குட்டி கழுத்துல ரிப்பன் மாதிரி கட்டியிருந்துச்சு. கேக்க மனசு வரல, புதுசா ரெண்டு தைக்கச் சொல்லிட்டேன்.